விமானம் வைத்திருப்பவர் எஞ்சின் படிக்க வேண்டுமா?

திருகோணமலையில் வள்ளம் வைத்திருக்கிற ஒருவர் "எனக்கு இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. திருக்கடலூர்க் கரையிலோ சல்லியிலோ காலையில் போய் நின்று பாருங்கள். கடலுக்குப் போய்வந்த அவுட்போர்ட் இஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுவார்கள். பிளக்கைக் கழற்றி நுனியின் நிறத்தைப் பார்ப்பார்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற இஞ்சின் என்றால் கரி எவ்வளவு பிடித்திருக்கிறது என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். அவர்கள் மெக்கானிக் இல்லை. பெரிய வேலை வந்தால் மெக்கானிக்கிடம்தான் கொண்டுபோவார்கள். ஆனால் கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்கள்.

போன மாதம் ரொறன்ரோவிலிருந்து என் மச்சான் தொலைபேசி எடுத்துக் கேட்டான். "நாங்க மூண்டு பேர் சேர்ந்து பழைய செஸ்னா 172 விமானம் ஒண்டு வாங்கிட்டம். எஞ்சின் பராமரிப்பு எண்டு சொந்தக்காரருக்கு ரெண்டு நாள் பயிற்சி ஒண்டு இருக்காம். மெக்கானிக்குக் காசு குடுக்கிறம்தானே, பிறகு அது எதுக்கு?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஊரில் இஞ்சின் வேலை பழகிய பிறகு, பதினொரு வருடம் வளைகுடா நாடொன்றில் சிறு விமானங்களின் ஹேங்கர் ஒன்றில் உதவியாளாக இருந்தேன். உரிமம் பெற்ற பொறியியலாளர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன், அவர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தவன். அந்த அளவில்தான் பேசுகிறேன். மச்சானுக்குச் சொன்ன பதில்: போ, கட்டாயம் போ. ஸ்பனர் பிடிக்கப் பழகுவது அதில் சின்னப் பங்கு. எஞ்சின் உனக்குச் சொல்வதைக் கேட்கவும், மெக்கானிக்கிடம் சரியான கேள்வியைக் கேட்கவும் பழகுவதுதான் பெரிய பங்கு.

அது ஏன் என்று விளங்க, முதலில் அந்த எஞ்சின் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். செஸ்னா 172 போன்ற விமானங்களில் பெரும்பாலும் இருப்பது லைகொமிங் நிறுவனத்தின் நாலு சிலிண்டர் எஞ்சின். (பயணிகள் ஜெட்டின் எஞ்சின் வேறு சாதி, அதை இங்கே எடுக்கவில்லை.) இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று சிலிண்டர்கள் படுத்தவாக்கில் எதிரெதிரே இருக்கும். பழைய மாதிரிகளில் கொள்ளளவு 5.2 லீட்டர். ஆனால் தருவது 150, 160 குதிரைவலுதான். இன்றைக்கு 1.5 லீட்டர் டர்போ கார் எஞ்சினே அவ்வளவைத் தந்துவிடும். காரணம், இது மெதுவாகச் சுற்றுவது. நிமிடத்துக்கு 2700 சுற்று உச்சம். புரொப்பெல்லர் எஞ்சின் தண்டிலேயே நேராகப் பூட்டியிருக்கிறது. அதைவிட வேகமாகச் சுற்றவிட்டால் அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிப்போய், சத்தம்தான் கூடும், இழுக்கும் விசை அந்த அளவுக்குக் கூடாது.

ரேடியேட்டர் இல்லை, காற்றுத்தான் குளிராக்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரி செத்தாலும் எஞ்சின் நிற்காது, ஏனென்றால் தீப்பொறியை, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் காந்தக் கருவியான மக்னெட்டோ தானே உண்டாக்கிக்கொள்ளும். அதுவும் இரண்டு மக்னெட்டோ, சிலிண்டருக்கு இரண்டு பிளக். 1950களில் பிறந்த வடிவமைப்பு இது. பிரித்துக் காட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். சொந்தக்காரருக்குப் பயிற்சி என்ற ஒன்று சாத்தியமாவதே இந்த எளிமையால்தான்.

மக்னெட்டோவையே எடுத்துக்கொள்வோம், அரைகுறை அறிவு எப்படி ஏமாற்றும் என்று பார்க்க அது நல்ல இடம். ஓடுபாதைக்குப் போகுமுன் விமானி எஞ்சினை நிமிடத்துக்கு 1700 அல்லது 1800 சுற்றில் ஓடவிட்டு, ஒவ்வொரு மக்னெட்டோவாக அணைத்துப் பார்ப்பார். ஒன்றை அணைத்தால் சுற்று கொஞ்சம் குறையும். கையேட்டில் அதற்கு ஓர் எல்லை இருக்கும். 172இல் மாதிரியைப் பொறுத்து 125 அல்லது 150. அதற்கு மேல் குறைந்தால் பிழை என்று எல்லா விமானிக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சுற்று குறையவே இல்லை என்றால்?

எங்கள் ஹேங்கருக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் அதைப் பெருமையாகச் சொன்னார். "பாருங்கள், என் எஞ்சினில் ஒரு சுற்றுக்கூடக் குறைவதில்லை." மூத்த பொறியியலாளர் பதில் சொல்லவில்லை. முதலில் புரொப்பெல்லர் பக்கம் நின்ற எங்கள் எல்லோரையும் விலகச் சொன்னார். பிறகுதான் விளக்கினார். மக்னெட்டோவை அணைப்பது என்றால் ஒரு வயரின் வழியாக அதை எஞ்சின் உடம்போடு தொடுக்கிறோம், அவ்வளவுதான். அந்த வயர் அறுந்திருந்தால் சாவியை எப்படித் திருப்பினாலும் மக்னெட்டோ அணையாது, சுற்றும் குறையாது. சாவி சட்டைப் பையில் இருக்கும், விமானம் அமைதியாக நிற்கும், யாரோ புரொப்பெல்லரைக் கையால் கொஞ்சம் திருப்புவார், சிலிண்டரில் மிஞ்சியிருக்கும் பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ளும். கை போகும், உயிரும் போகலாம். அந்த மனிதர் வாரக்கடைசியில் மகளைக் கூட்டிவந்து அதே புரொப்பெல்லரைத் துடைக்க விடுபவர். அதைக் கேட்டு அவர் முகம் வெளுத்தது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. சொந்தக்காரருக்கான பயிற்சியில் முதல் நாள் காலையே படிக்க வேண்டிய பாடம் இது. இதற்காக மட்டுமே அந்த இரண்டு நாளைச் செலவழிக்கலாம் என்பேன்.

அடுத்தது துரு. உப்புக் காற்றில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் நீளமாகவே பேச வரும். வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்தால் எங்கள் கரையில் வள்ளங்கள் நாள்கணக்கில் ஏறிக் கிடக்கும். ஓடாத இஞ்சின் ஓடுகிற இஞ்சினைவிடச் சீக்கிரம் கெடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். விமான எஞ்சினுக்கும் அதுதான். லைகொமிங்கில் இன்னும் ஒருபடி மேல். வால்வுகளைத் திறந்து மூடுகிற காம் தண்டு இந்த எஞ்சினில் மேலே, புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க் தண்டுக்கும் மேலே இருக்கிறது. எஞ்சின் நின்றதும் ஒயில் எல்லாம் கீழே வடிந்துவிடும். மேலே மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். வாரங்கள் போகப்போக அதுவும் வடியும். ஈரக் காற்று பட்டு, கண்ணாடி போல மெருகேற்றிய அந்த மேற்பரப்பில் ஊசிமுனை அளவு துரு பிடிக்கும். அடுத்த முறை ஓடும்போது அந்தப் புள்ளியிலிருந்து உலோகம் செதில் செதிலாகக் கழன்று ஒயிலில் கலக்கும். பிறகு எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

சரி, பறக்க நேரமில்லை, வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கலாமே? முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு நாம் செய்வது போல. நல்ல எண்ணம்தான், ஆனால் கெடுதல். ஒரு லீட்டர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாயால் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி உள்ளே இறங்கும். ஒயில் நன்றாகச் சூடானால்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். தரையில் ஐந்து நிமிடம் ஓடினால் ஒயில் அவ்வளவு சூடாவதில்லை. ஆக நாம் செய்வது உள்ளே தண்ணீர் ஊற்றி மூடி வைப்பது. லைகொமிங் சொல்வது, 30 நாளைக்குள் ஒருமுறையாவது ஒயில் வெப்பம் ஏறத்தாழ 74 முதல் 93 பாகை செல்சியஸில் இருக்கும்படி ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும் என்று. கடலோரத்தில் நிற்கும் விமானத்துக்கு அந்த 30 நாளே அதிகம் என்பது என் எண்ணம். இந்தக் கணக்கை மெக்கானிக் உங்களுக்காகச் செய்ய முடியாது. எத்தனை நாளைக்கு ஒருமுறை பறப்பது என்பது முழுக்கச் சொந்தக்காரர் கையில் இருக்கிறது. எஞ்சினின் ஆயுளை ஆக அதிகம் தீர்மானிப்பதும் அதுதான். உற்பத்தியாளர் சொல்லும் 2000 மணி நேரத்தோடு கூடவே 12 வருடம் என்றொரு எல்லையும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒயில் மாற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வேலை: வடிகட்டி உள்ள எஞ்சினில் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, சல்லடை மட்டும் என்றால் 25, பறக்காவிட்டாலும் நாலு மாதத்துக்கு ஒருமுறை. பயிற்சியில் சொல்லித் தருவது அதற்குப் பிறகு உள்ளதை. கழற்றிய வடிகட்டியை எறிவதில்லை. அதற்கென்று உள்ள வெட்டுக்கருவியால் வாய் திறப்பார்கள். இரும்பறுக்கும் வாளால் வெட்டக்கூடாது, வாளின் துகள் விழுந்து நம்மையே குழப்பிவிடும். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பிடிப்பார்கள். மினுங்குவது என்ன? காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. காம் பக்கம் சந்தேகம் போகும். ஒட்டாமல் மென்மையாக இருந்தால் அலுமினியமாக இருக்கலாம், பிஸ்டன் பக்கம். கறுப்பாக, நசுக்கினால் பொடியாவது வெறும் கரி. மீன் வயிற்றைக் கீறிப் பார்த்தே அது எங்கே மேய்ந்தது என்று சொல்லிவிடும் ஆட்களை எனக்குத் தெரியும். இதுவும் அந்த மாதிரி அறிவுதான். பத்து வடிகட்டி பார்த்தால் வரும். கொஞ்சம் ஒயிலை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் எந்த உலோகம் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று எண் வரும். ஒருமுறை வந்த எண்ணை வைத்துப் பயப்பட வேண்டாம். போன முறையைவிட இந்த முறை எப்படி என்பதில்தான் செய்தி இருக்கிறது.

பிளக்கைப் பார்ப்பதும் எங்கள் ஊர்ப் பழக்கமேதான். மண்ணெண்ணெய்க் கரிக்குப் பதில் இங்கே ஈயம். சிறு விமானங்களுக்கு ஊற்றும் நீல நிறப் பெற்றோலில் ஈயம் கலந்திருக்கிறது. காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவையை அளவுக்கு மீறிச் செழிப்பாக, அதாவது பெற்றோல் கூடுதலாக, வைத்து ஓட்டினால் கீழ்ப் பிளக்குகளில் கடுகு மாதிரி ஈய உருண்டை சேரும். அதைக் கண்ணால் கண்ட விமானி, தரையில் ஓடும்போது கலவையில் பெற்றோலைக் குறைக்க மறக்கமாட்டார்.

இனி மெக்கானிக்கோடு பேசுவது. பயிற்சி உண்மையிலேயே காசைத் திருப்பித் தருகிற இடம் இதுதான். வருடாந்தப் பரிசோதனையில் சிலிண்டர்களின் அமுக்கத்தைப் பார்ப்பார்கள். சிலிண்டருக்குள் 80 பீஎஸ்ஐ காற்றை விட்டு எவ்வளவு நிற்கிறது என்று அளப்பது. "72/80" என்று எழுதுவார்கள். ஒரு சிலிண்டர் 60க்குக் கீழே வந்தால் "கழற்ற வேண்டும்" என்று தொலைபேசி வரும். ஒன்றும் தெரியாத சொந்தக்காரர் சரி என்று சொல்லிவிட்டுக் கடன் அட்டையை எடுப்பார்.

தெரிந்தவர் முதலில் கேட்பது, "எஞ்சின் சூடாக இருக்கும்போதா பார்த்தீர்கள்?" குளிர்ந்த எஞ்சினில் எண் ஏமாற்றும். அடுத்து, "காற்று எங்கே கசிகிறது?" இதைக் காதாலேயே கேட்கலாம். புகைக்குழாயில் இரைச்சல் கேட்டால் வெளியேற்றும் வால்வு. காபரேட்டர் பக்கம் கேட்டால் உள்ளிழுக்கும் வால்வு. ஒயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் வளையம். வளையமாக இருந்தால் ஒரு மணி நேரம் பறந்துவிட்டு மறுபடி அளந்தால் எண் தானே ஏறிவிடுவதும் உண்டு. வால்வு என்றால் பிளக் துவாரத்தால் மெல்லிய கமராவை விட்டுப் பார்க்கலாம். நல்ல வால்வின் முகம் நன்றாகச் சுட்ட அப்பம் போல, நடுவிலிருந்து சுற்றிவர ஒரே சீராக நிறம் மாறியிருக்கும். ஒரு ஓரம் மட்டும் பிறை போல வேறு நிறமாகத் தெரிந்தால் அங்கே வால்வு சரியாக உட்காரவில்லை, எரியத் தொடங்கிவிட்டது. அப்போது கழற்றத்தான் வேண்டும். அதில் இரண்டாம் கருத்தே இல்லை.

காசுக்காக மட்டும் இப்படித் தயங்கச் சொல்லவில்லை. சிலிண்டரைக் கழற்றுவது சின்ன வேலை இல்லை. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் சில எஞ்சினின் இரு பாதியையும் சேர்த்து இறுக்கி வைத்திருப்பவை. திரும்பப் பூட்டும்போது இறுக்கம் பிழைத்தால் உள்ளே தாங்கி நகர்ந்துவிடலாம், சிலிண்டரே பறப்பில் கழன்றுபோகலாம். நன்றாக இருந்த பொருளைத் தொட்டுக் கெடுப்பது என்பது கற்பனை இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கரையோர விமானப்படையில் உயிரியலாளர் வாடிங்டன் என்பவர் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார். லிபரேட்டர் விமானங்களில் 50 மணி நேரப் பரிசோதனை முடிந்த கையோடு பழுதுகள் கூடின, பறக்கப் பறக்கக் குறைந்தன. பரிசோதனையே பழுதைக் கொண்டுவந்தது. எங்கள் சீனக்குடா ஓடுபாதை 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியக் குண்டுகளை வாங்கியதும் அதே போர்க்காலம்தான். அங்கே வெயிலில் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிய இளைஞர்களை நினைத்துக்கொள்வேன். இன்றும் அந்த ஓடுபாதையிலிருந்து விமானப்படையின் பயிற்சி விமானங்கள் ஏறி உட்துறைமுகத்துக்கு மேலே வட்டமடிக்கும்போது என் காது தானாகவே எஞ்சினைத்தான் கேட்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது நாட்டுக்கு நாடு வேறு. கனடாவில் தனியார் சிறு விமானம் என்றால் ஒயில் மாற்றுவது, வடிகட்டி மாற்றுவது, பிளக் கழற்றிப் பூட்டுவது போன்றவை 'எலிமெண்டரி வேர்க்' (அடிப்படை வேலை) என்ற பட்டியலில் வரும். சொந்தக்கார விமானி செய்து, பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடலாம். அமெரிக்காவிலும் அதுபோல ஒரு பட்டியல் உண்டு. விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் முதல் பொறுப்பு சொந்தக்காரருடையது என்றே அங்கே சட்டத்தில் எழுதியிருக்கிறது, மெக்கானிக்குடையது என்று இல்லை. வருடாந்தப் பரிசோதனைக்கு இரண்டு நாட்டிலும் உரிமம் பெற்றவரின் கையொப்பம் வேண்டும். எந்தச் சான்றிதழும் அந்த உரிமத்துக்கு ஈடாகாது; இரண்டு நாள் பயிற்சி முடித்தவர் மெக்கானிக் ஆகிவிடுவதில்லை.

அந்தக் கடைசி வரியை மறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பயிற்சி முடித்த உற்சாகத்தில் ஒருவர் தானே வடிகட்டி மாற்றினார். பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. அதன்மேல் புதியதை வைத்துப் பூட்டினார். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று நிற்காது. நல்லவேளை, மேலே போகுமுன் தரையில் ஓடவிட்டார். சில நிமிடத்தில் சக்கரத்தடியில் ஒயில் குளம். வானத்தில் அது நடந்திருந்தால் ஏழரை லீட்டர் ஒயில் போக அதிக நேரம் ஆகாது. ஆகவே மச்சானிடம் கேட்டுக்கொண்டது, முதல் மூன்று தடவையும் உங்கள் மெக்கானிக் பக்கத்தில் நிற்கச் செய், அவர் பார்த்த பிறகுதான் மூடியைப் பூட்டு, அப்புறம் ஓடவிட்டுக் கசிவு பார்க்காமல் ஏறாதே. கையிலிருந்து கீழே விழுந்த பிளக்கைத் திரும்பப் பூட்டாதே, உள்ளே இருக்கும் பீங்கான் வெடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. நல்ல மெக்கானிக் இதையெல்லாம் சொல்லித்தர மனம் கோணமாட்டார். சொந்தக்காரர் பக்கத்தில் நிற்பதையே விரும்பாத இடம் என்றால் இடத்தை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

எந்தப் பயிற்சி என்பதும் முக்கியம். உங்கள் விமானத்தில் உள்ள எஞ்சினுக்கே உரிய பயிற்சியாகப் பாருங்கள். லைகொமிங் தன் ஊரான பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறது. இலகு விமானங்களில் வரும் ரோட்டக்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் எஞ்சினுக்கு அடிப்படை, நடுத்தரம், முழுப் பிரிப்பு என்று படிப்படியாகப் பயிற்சி உண்டு. ஒன்றில் படித்ததை மற்றதில் போடக்கூடாது. ரோட்டக்ஸ் 912இல் சிலிண்டர் தலைகளுக்குத் தண்ணீர், எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவில் கியர்பெட்டி, ஒயில் தனித் தொட்டியில். அதில் ஒயில் அளவு பார்க்கப் புரொப்பெல்லரைக் கையால் சரியான பக்கமாகச் சுற்றி, தொட்டியில் குமிழி எழும் சத்தம் கேட்கும்வரை நிற்க வேண்டும். லைகொமிங்காரர் ஒருவர் அது தெரியாமல் குச்சியை விட்டுப் பார்த்தால், ஒயில் குறைவு என்று நினைத்து அளவுக்கு மேல் ஊற்றிவிடுவார். எஞ்சினைக் கையால் தொடாமல் படம் மட்டும் காட்டி அனுப்பும் வகுப்பு என்றால் காசைக் கொடுக்காதீர்கள். உண்மையான எஞ்சின் ஒன்றையாவது மேசையில் வைத்துப் பிரிக்க வேண்டும்.

வாடகை விமானத்தில் வருடத்துக்குப் பதினைந்து மணி நேரம் பறப்பவருக்கு இவ்வளவும் தேவையில்லை. மக்னெட்டோப் பாடமும், ஒயில் வெப்பத்தையும் அமுக்கத்தையும் காட்டும் மானிகளைப் படிக்கத் தெரிவதும் போதும். நாலைந்து பேர் சேர்ந்து விமானம் வைத்திருந்தால் ஒருவராவது போக வேண்டும்; போனவர் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

மச்சான் பெப்ரவரியில் நடக்கும் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். அதற்கு முன் அங்கே பனி வந்து விமானம் வாரக்கணக்கில் நிற்கும். அதனால் இப்போதைக்கு ஒரே ஒரு வேலை சொன்னேன்: நிறுத்துவதற்கு முன் ஒரு மணி நேரம் பறந்து, இறங்கின சூட்டோடு பழைய ஒயிலை வடித்துப் புதியதை ஊற்று. ஓடிப் பழசான ஒயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும், அதோடு எஞ்சினை உறங்கவிடாதே. கழற்றிய வடிகட்டியை எறியாமல் ஒரு பையில் போட்டு வை. எப்படி வெட்டுவது என்று வகுப்பில் காட்டுவார்கள், கையோடு கொண்டு போ.